வழி சொல்வதும் வழித்துணை ஆவதும்

(மகாவீர் ஜெயந்தி விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் – பெற்றோர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பள்ளிக் கல்விக்குப் பின் என்ன படிக்கலாம், எப்படிச் சேரலாம் என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். எந்தப் படிப்பு உயர்ந்தது, எது மிகுந்த ஊதியம் தரும் என்று வரிசைப்படுத்த நான் வரவில்லை. அந்த வரிசை பத்தாண்டுக்கு ஒருமுறை மாறிவிடும். ஆசிரியப் பணியில் நெடுங்காலம் கண்டறிந்த ஒன்றை மட்டும் உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். மதிப்பெண் குறைந்ததால் வாய்ப்பை இழந்த மாணவர் உண்டு. போதிய மதிப்பெண் இருந்தும், நாள் தவறி, சான்றிதழ் தவறி, கேட்டறிய ஆளின்றி வாய்ப்பை இழந்தவரும் உண்டு. இந்த இரண்டாம் வகை இழப்பு முற்றிலும் தவிர்க்கத்தக்கது. அதைத் தவிர்க்கும் பொறுப்பு, படித்துப் பட்டம் பெற்று வேலையில் அமர்ந்திருக்கும் நம் எல்லோருக்கும் உரியது.

நம் சமுதாயம் நன்கறிந்த வரலாறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 1880ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் புதிதாகச் சேர்ந்திருந்தார். அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்தவர் சேலம் இராமசாமி முதலியார். தம்மைக் காண வந்த இளம் ஆசிரியரிடம், என்னென்ன நூல்கள் கற்றிருக்கிறீர் என்று முதலியார் வினவினார். ஐயரும் தாம் கற்ற அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என நீண்டதொரு பட்டியலைச் சொன்னார். முதலியார் அதனால் நிறைவடையவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்த ஒரு வினா ஐயரின் வாழ்க்கைப் போக்கையே மாற்றியது. முதலியார் வினவியதோடு நிற்காமல் நூலின் பிரதியையும் கொடுத்துதவினார். காப்பியத்தில் சமண சமயச் செய்திகள் விளங்காமல் தடைப்பட்டபோது, ஐயர் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். நம் முன்னோர் அவர் வேறு சமயத்தவர் என்று பாராமல், கேட்ட ஐயத்தையெல்லாம் தெளிவித்தனர். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. அதன் பின் தமிழுக்குக் கிடைத்த செல்வத்தை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அவ்வரலாற்றில் மூன்று உதவிகள் இருக்கின்றன. ஒருவர் தக்க வினாவைக் கேட்டார்; அவரே வேண்டிய பொருளையும் தந்தார்; தெரிந்தவர்கள் தெரியாதவர்க்குப் பொறுமையாக விளக்கினார்கள். நாம் இன்று ‘வழிகாட்டுதல்’ என்று சொல்வது இம்மூன்றும் சேர்ந்ததே. நமது அறநூல்கள் கூறும் நால்வகைத் தானங்களுள் சாஸ்திர தானத்தை ஏடு வழங்குவதாக மட்டும் கொள்ளாமல், இவ்வாறு அறிவைப் பகிர்வதாகவும் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

இராமசாமி முதலியாரின் சேலத்திற்கே வருவோம். சேலம் நகரிலிருந்து பார்த்தால் வடக்கே தெரியும் சேர்வராயன் மலையில், பணி நிறைவுக்கு முந்தைய சில ஆண்டுகள் தமிழ் கற்பித்தேன். ஏற்காட்டைக் கோடை வாழிடமாக நாம் அறிவோம். நூறாண்டு கடந்த புகழ்பெற்ற உறைவிடப் பள்ளிகள் அங்கே இருக்கின்றன. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கிறார்கள். அதே மலையில் செம்மநத்தம் போன்ற சிற்றூர்களும் இருக்கின்றன. அங்கு வாழ்வோர் பெரும்பாலும் ‘மலையாளி’ என்னும் பழங்குடியினர்; பெயர் அப்படி இருந்தாலும் தமிழ் பேசுவோர். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை, சிறிது மிளகு, சிறிது சொந்த நிலம் என்பது அவர்களின் வாழ்க்கை. ஒரே மலையில் ஒரு பள்ளியின் பிள்ளைக்கு எந்தப் பல்கலைக்கழகம் எந்த மாதம் விண்ணப்பம் பெறுகிறது என்பது ஒன்பதாம் வகுப்பிலேயே தெரியும். மற்றொரு பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த பின்னும் அதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை.

செம்மநத்தப் பகுதியிலிருந்து வந்த மாணவி ஒருத்தியை நான் மறப்பதில்லை. பெற்றோர் இருவரும் தோட்டத் தொழிலாளர். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பாடத்தில் நல்ல மதிப்பெண். செவிலியர் ஆக வேண்டும் என்பது அவள் விருப்பம். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்குரிய சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் வழங்க வேண்டும். மற்றப் பிரிவினர்க்கு வட்டாட்சியர் அலுவலக அளவிலேயே முடிவதுபோல் அது முடியாது. விசாரணைக்கும் காலம் பிடிக்கும். அந்தக் குடும்பம் தேர்வு முடிவு வந்த பின்னரே சான்றிதழுக்கு விண்ணப்பித்தது. சான்றிதழ் கைக்கு வந்தபோது விண்ணப்பத்தின் கடைசி நாள் கடந்துவிட்டது. அந்த ஆண்டு முழுவதும் அவள் காப்பிப் பழம் பறித்தாள். எங்கள் பள்ளியின் இளம் ஆசிரியை ஒருவர் அவளை விடவில்லை. மறு ஆண்டு எல்லாத் தாள்களையும் முன்கூட்டியே ஒழுங்குசெய்து, விண்ணப்பம் தொடங்கிய முதல் வாரத்திலேயே இணைய மையத்தில் உடன் அமர்ந்து நிரப்பினார். கலந்தாய்வு நாளில் அவளோடு பேருந்தில் சென்றார். இடம் கிடைத்தது. மதிப்பெண் முதல் ஆண்டில் இருந்த அதே மதிப்பெண்தான். உடன் ஒருவர் இருந்ததுதான் வேறுபாடு.

இது மலைக்கு மட்டும் உரிய கதை என்று எண்ண வேண்டா. ஆசிரியர்கள் பயிற்சியளித்து உடன் நின்ற இடங்களில் மலைப்பிள்ளைகள் உயர்ந்திருக்கிறார்கள். 2024இல் திருச்சி மாவட்டம் பச்சைமலையைச் சேர்ந்த பழங்குடி மாணவி ஒருவர் திருச்சித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். 2025இல் சேலம் மாவட்டத்துக் கருமந்துறை அரசு உண்டு உறைவிடப் பள்ளி மாணவி ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் சேரும் தகுதி பெற்றார். அதே வேளையில், நம் ஊர்களில் நல்ல மதிப்பெண் பெற்றும் சேர்க்கை நாள் தவறிய பிள்ளைகளை நீங்களே அறிவீர்கள்.

ஆகவே செய்ய வேண்டுவன சிலவற்றைக் காலமுறைப்படி சொல்கிறேன்.

முதலாவது, பத்தாம் வகுப்பின் முடிவு. உண்மையான தொழில் தேர்வு அங்கேதான் தொடங்குகிறது. பதினொன்றாம் வகுப்பில் கணக்கு, இயற்பியல், வேதியியல் எடுக்காதவர்க்குப் பொறியியல் வாயில் பெரும்பாலும் அடைபட்டுவிடும். உயிரியல் அல்லது தாவரவியல், விலங்கியல் இல்லாதவர்க்கு மருத்துவ வாயில் அடைபடும். அண்டை வீட்டுப் பிள்ளை எடுத்த பிரிவு என்பதற்காக ஒரு பிரிவை எடுக்கலாகாது. மேல்நிலைக் கல்வி வேண்டாதவர்க்கு மூன்றாண்டுப் பாலிடெக்னிக் பட்டயம் இருக்கிறது; அதை முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்றவரும் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேர வழியுண்டு. இவற்றைத் தாழ்ந்த வழிகளாகப் பேசும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

இரண்டாவது, சான்றிதழ்கள். பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையே அவற்றுக்குரிய காலம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் முதல் பட்டதாரியானால் அதற்குரிய சான்றிதழ், வெளிமாநிலத்தில் படித்திருந்தால் இருப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். நம் குடும்பங்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆதாரில் பெயரின்பின் ‘நயினார்’ அல்லது ‘ஜெயின்’ இருக்கும். மதிப்பெண் பட்டியலில் இராது. தந்தையின் தலைப்பெழுத்து ஒன்றில் முன்னும் ஒன்றில் பின்னும் நிற்கும். சரிபார்ப்பு நாளில் திருத்துவதற்குப் பொழுது கிடையாது. இப்போதே எல்லாத் தாள்களையும் ஒரு மேசைமேல் பரப்பி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். 2014 சனவரியில் மத்திய அரசு சமணரையும் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவித்தது. சென்னை மீனம்பாக்கத்து ஏ. எம். ஜெயின் கல்லூரி போன்ற சமணச் சிறுபான்மை நிறுவனங்களில் விண்ணப்பிப்போர், நம் சமயத்தவர்க்குரிய இடங்கள் பற்றியும் வேண்டிய சான்று பற்றியும் கல்லூரியிலேயே கேட்டறிக.

மூன்றாவது, வாயில்களின் எண்ணிக்கையை அறிதல். நீட் தேர்வில் இடம் கிடைக்காவிட்டால் மருத்துவத் துறையே இல்லை என்று பல பெற்றோர் கலங்குகிறார்கள். செவிலியம், மருந்தியல் முதலிய பட்டப் படிப்புகளுக்குத் தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்படியே சேர்க்கை நடைபெறுகிறது. அதற்குத் தனி விண்ணப்பம் உண்டு. வேளாண்மைக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் தனியே விண்ணப்பம் பெறுகிறது. கால்நடை மருத்துவத்திற்கும் சட்டத்திற்கும் தனித்தனியே. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையத்தளம். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திற்குக் கியூட் தேர்வு. கைத்தறி மரபுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் சேலத்திலுள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தைப் பற்றிக் கேட்டறியலாம். தமிழிலும் வரலாற்றிலும் நாட்டமுள்ளவர்க்குத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் சமணவியல் துறையும் இருக்கின்றன. நம் குகைக் கல்வெட்டுகளைப் படிக்க நம் பிள்ளைகளில் சிலரேனும் முன்வர வேண்டாவா?

நான்காவது, விருப்பப் பட்டியல். பொறியியல் கலந்தாய்வில் தரவரிசை 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணக்கில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 86 பெற்றவர்க்கு 90+40+43, அதாவது 173. இந்தக் கூட்டல் தெரிந்தால், முந்தைய ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எவ்வளவில் நிறைந்தது என்று ஒப்பிடலாம். பட்டியலில் உண்மையாக வேண்டுவதை முதலில் எழுதுக. கிடைக்கக்கூடியதைப் பின்னர் எழுதுக. கிடைத்தாலும் சேர மனமில்லாததை எழுதவே வேண்டா. பத்துப் பெயரோடு நிறுத்திவிட்டு, முதல் ஒதுக்கீட்டில் ஒன்றும் கிடைக்காமல் தவிப்போரைக் கண்டிருக்கிறேன். ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் கிடைத்த இடமும் கைவிட்டுப் போகும்.

பட்டியலை எழுதுமுன் நம் இல்லத்தில் பேசித் தெளிய வேண்டியது ஒன்றுண்டு. மீன்வளம், கோழியினம், தோல் தொழில்நுட்பம் போன்ற படிப்புகள் நம் கொல்லாமை நெறியோடு எவ்வளவு இயையும் என்பது பிள்ளையின் மனச்சான்று முடிவு செய்ய வேண்டியது. சேர்ந்து கட்டணம் செலுத்திய பின் அதைப் பேசுவது இரு தரப்புக்கும் துன்பம். விடுதி உணவு பற்றியும் அவ்வாறே. இருட்டுமுன் உண்ணும் வழக்கமுள்ள பிள்ளையை வெளியூர்க்கு அனுப்பத் தாய் தயங்குவது இயல்பு. ஆனால் அத்தயக்கத்தால், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், நல்ல கல்லூரியை விட்டுவிடலாகாது. அந்தக் கல்லூரியில் படித்த நம்மவரிடம் கேட்டால் ஒரு வழி பெரும்பாலும் பிறக்கும்.

ஐந்தாவது, உதவித் திட்டங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றில் 2021 முதலும் உண்டு. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் உயர்கல்வி பயிலும்போது மாதம் 1000 ரூபாய் வழங்குகின்றன. அரசுப் பள்ளிகளில் ‘நான் முதல்வன்’, ‘கல்லூரிக் கனவு’ என்னும் வழிகாட்டும் நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. பிள்ளைகளைத் தவறாது அனுப்புங்கள். பெற்றோரும் உடன் செல்லுங்கள்.

நிறைவாக அறக்கட்டளையினர்க்கும் அவையோர்க்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பரிசும் பொன்னாடையும் அளித்து மாணவரைப் பாராட்டுகிறோம். பாராட்டு, வென்றவரைத் தேடி வருவது. துணை, இன்னும் வெல்லாதவர்க்கே தேவைப்படுவது. இங்கே பட்டம் பெற்றவர் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். ஒவ்வொருவரும் இரண்டு பிள்ளைகளை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒன்று நம் சமுதாயத்துப் பிள்ளை. மற்றொன்று உங்கள் ஊரிலோ, அலுவலகத்திற்கு அருகிலோ, வழிகேட்க ஆளில்லாத வேறு எந்தக் குடும்பத்துப் பிள்ளையாயினும் சரி. பதினொன்றாம் வகுப்பு தொடங்கிக் கல்லூரியில் சேரும் நாள்வரை இரண்டே ஆண்டுகள். சான்றிதழ் வாங்கும்போது ஒருநாள், விண்ணப்பம் நிரப்பும்போது ஒருநாள், விருப்பப் பட்டியல் எழுதும்போது ஒருநாள், கல்லூரியில் சேரும்போது ஒருநாள். இவ்வளவே நீங்கள் தர வேண்டிய காலம். கும்பகோணத்தில் நம் முன்னோர் ஒருவர்க்குச் சொல்லித் தந்தது தமிழுக்கே பயன்பட்டது. செம்மநத்தத்திலிருந்து இறங்கி வரும் ஒரு பிள்ளைக்கு நாம் சொல்லித் தருவது, குறைந்தது ஒரு குடும்பத்துக்கேனும் பயன்படும்.

மேடை இறங்கியதும் நுழைவாயில் அருகே பெயர் எழுதும் ஏடு ஒன்றை வைக்குமாறு பொறுப்பாளர்களைக் கேட்டிருக்கிறேன். வழிகாட்ட முன்வருவோர் ஒரு பக்கத்திலும், துணை வேண்டும் மாணவர் மறுபக்கத்திலும் பெயர் எழுதுங்கள். என் பெயரை முதலில் எழுதிவிட்டேன்.

தேர்வு முடிவை எதிர்நோக்கும் செல்வங்கள் அனைவரும் தமக்குரிய வழியைக் கண்டு, கற்று, கற்பித்து வாழ்க. எல்லா உயிரும் இன்புறுக.