உள்ளத்தைத் தூர் வாருவோம்

(ஜூபிலி ஆயத்தத் தியானத்தின் நிறைவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கோயிலுக்கு வெள்ளையடித்தாயிற்று. கொடிமரத்துக்கு வர்ணம் பூசியாயிற்று. இனி என்ன பாக்கி என்று சுவாமியிடம் கேட்டேன். "வாத்தியாரே, மனசுதான் பாக்கி. அதைப்பற்றி நீங்களே பேசிவிடுங்கள்" என்று என்னை மாட்டிவிட்டார்கள்.

நம்முடையது வறண்ட பூமி. கோதையாற்றுத் தண்ணீர் ராதாபுரம் கால்வாய் வழியாக வந்து 52 குளங்களை நிரப்பினால்தான் 17,000 ஏக்கர் பயிர் பிழைக்கும். ஆனால் குளத்தில் வண்டலும் உடைமரமும் மண்டிக் கிடந்தால் என்ன ஆகும்? வந்த தண்ணீர் நிற்க இடமின்றி மறுகால் வழியாக ஓடிவிடும். அப்போது வானத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. குறை குளத்தில் இருக்கிறது.

நம் உள்ளமும் அப்படித்தான். ஆண்டவர் மகிழ்ச்சியைத் தராமல் இல்லை. பேரப்பிள்ளை மடியில் ஏறிச் சிரிக்கிறது. பனையில் பதநீர் சுரக்கிறது. ஆனால் இரவில் படுத்தால் நம் கண்முன் நிற்பது, பத்து வருஷத்துக்கு முன் கல்யாண வீட்டில் ஒருவர் சொன்ன சுடுசொல்! பழைய கோபம், நாளைய கவலை, அடுத்த வீட்டின்மேல் பொறாமை எல்லாம் அடிமண்ணாகப் படிந்துவிட்டன. வந்த மகிழ்ச்சி மறுகால் பாய்ந்து போய்விடுகிறது.

ஜூபிலி என்ற சொல், ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறிக்கும் எபிரேயச் சொல்லிலிருந்து பிறந்தது. 50-ஆம் ஆண்டில் அந்தக் கொம்பு ஊதப்படும். அடிமைகள் வீடு திரும்புவார்கள். கைமாறிய நிலம் உரியவனிடம் போய்ச் சேரும். லேவியர் நூல் 25-ஆம் அதிகாரத்தில் இதைக் காணலாம். ஆகவே ஜூபிலியின் முதல் வேலை வாங்குவது அல்ல. பிடித்து வைத்திருப்பதை விடுவது.

தூரத்து உதாரணம் வேண்டாம். நம் வட்டத்திலேயே வடக்கன்குளம் இருக்கிறது. நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன் திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். மாடுகள் மடிந்தன, பயிர் பொய்த்தது, மனம் குலைந்து நின்றார். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பின்பு திருவிதாங்கூர்ப் படையிலேயே பணியாற்றிய டி லன்னாய் என்ற டச்சுக்காரர், அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாம் இழந்தும் இறைவனை இழக்காத மனிதனின் கதை அது. "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று குமைந்த உள்ளத்தில் வேறொன்றுக்கு இடம் உண்டாயிற்று. 1745-இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரோடு ஞானஸ்நானம் பெற்றார். பின்பு எருக்கம்பூ மாலை போட்டு, எருமைமேல் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டுபோய் அவமானப்படுத்தினார்கள். அவர் அசையவில்லை. 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது.

புனிதரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லுகிறேன். எனக்கும் என் தம்பிக்கும் கிணற்றுத் தண்ணீர் முறையில் தகராறு. ஏழு வருஷம் பேச்சில்லை. ஒரே கோயிலில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நன்மை வாங்கினோம். பாவசங்கீர்த்தனத்தில் "கோபப்பட்டேன்" என்பேன். யார்மேல் என்று சொல்லமாட்டேன். ஒரு கோடையில் அந்தக் கிணறே வற்றிப் போயிற்று. சண்டைக்குக் காரணமான தண்ணீர் இல்லை. சண்டை மட்டும் நிறைந்து கிடந்தது! அன்று மாலை எழுந்து போனேன். தம்பி ஒன்றும் கேட்கவில்லை. "வாங்கண்ணே, இருங்க" என்று கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டான். கருப்பட்டிக் காப்பி வந்தது. யார்மேல் தப்பு என்று இன்றுவரை நாங்கள் தீர்க்கவில்லை. தூர் வாருகிறவன், இந்த மண் யார் காட்டிலிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டிருப்பதில்லை. கூடையில் அள்ளிக் கரையேற்றுகிறான். அதே வண்டலை வயலில் போட்டால் எருவாகிறது. அந்த ஏழு வருஷக் கசப்புதான், பிறர் சண்டையைத் தீர்த்து வைக்கும் பொறுமையை எனக்குக் கொடுத்தது.

நாம் செய்யக்கூடியது என்ன? இன்றிரவு ஜெபமாலை முடிந்ததும், மனத்தில் எந்தப் பெயர் முள்ளாகக் குத்துகிறதோ, அவருக்காக ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கள். கொடியேற்றத்துக்கு முன் அவர் வீட்டுப் படியை மிதியுங்கள். பீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு சமாதானமாகு என்று ஆண்டவர் சொன்னதை மறக்கவேண்டாம். கவலைகளில் உங்கள் கையால் ஆகக்கூடியதை நாளைக்கே செய்யுங்கள். ஆகாததை ஆண்டவர் பாதத்தில் வையுங்கள். உண்ண முடியாமல், உறங்க முடியாமல் மனம் வாடினால் மருத்துவரிடம் போங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

ஒரே நாளில் குளம் முழுவதையும் தூர் வார முடியாது. ஆளுக்கு ஒரு கூடை அள்ளுவோம். அள்ளிய இடத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து நிறுத்துவது ஆண்டவர் வேலை.