கோடு போட்டால் மட்டும் போதுமா?

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சிவில் படித்தவன் சிமெண்டைப் பற்றிப் பேசாமல் காட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நினைக்காதீர்கள். என் பேச்சும் ஓர் அணைக்கட்டில்தான் ஆரம்பிக்கிறது.

பனாமா கால்வாய்க்காக சாக்ரெஸ் ஆற்றின் குறுக்கே கட்டூன் என்ற இடத்தில் அணை கட்டினார்கள். 1914இல் கால்வாய் திறக்கப்பட்டபோது பள்ளத்தாக்கு ஏரியாகியிருந்தது. ஒரு குன்றின் மேல்பகுதி மட்டும் தண்ணீருக்கு நடுவே தீவாக நின்றது. அதுதான் பாரோ கொலராடோ. பரப்பு சுமார் 1,500 ஹெக்டேர். 1923லேயே அதைப் பாதுகாப்புக் காடாக அறிவித்துவிட்டார்கள்.

இனி என்ன கவலை என்றுதானே தோன்றும்? ஆனால் அந்தத் தீவில் காட்டுப் பறவைகள் இனம் இனமாக மறைந்தன. படையெறும்புக் கூட்டம் போகும்போது பயந்து வெளிவரும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் பறவைகள் உண்டு. அவற்றில் ஒரு பெரிய இனம் இன்று தீவில் இல்லை. எதிர்க்கரைக் காட்டில் இருக்கிறது.

அங்கிருந்து பறந்து வந்தால் என்ன? 2008இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. அதே ஏரியில் படகிலிருந்து காட்டுப் பறவைகளைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். சில இனங்களால் நூறு மீட்டர்கூடத் தாண்ட முடியவில்லை! நிழலிலேயே வாழ்ந்து பழகிய பறவைக்கு வெட்டவெளி ஒரு மதில். சின்ன இடத்தில் எண்ணிக்கை குறைவு. ஒரு வருஷம் மோசமாகப் போனால் அந்த இனம் அற்றுப்போகும்; வெளியிலிருந்து வந்து நிரப்ப ஆளில்லை.

பாதுகாப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் காடே மிஞ்சாது. ஆனால் எல்லைக் கோடு போட்டால் மட்டும் போதாது. காடு பெரிதாக இருக்கணும், அல்லது இன்னொரு காட்டோடு சேர்ந்திருக்கணும்.

இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மலையடிவாரத்தில் சாலையை அகலப்படுத்த சர்வே. இருபக்க மரங்களும் மேலே கைகோத்து நின்ற இடம். செயின் பிடிக்க வந்த பெரியவர், "இது கொரங்கும் மலையணிலும் போற வழிங்க சார்" என்றார். நான் சிரித்துக்கொண்டே மரங்களை எண்ணி எழுதினேன். எத்தனை மரம் என்று எழுத இடம் இருந்தது. யார் வழி என்று எழுத இடம் இல்லை. மரங்கள் விழுந்தன. சாலை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் போனால் இன்னும் நான் மேலே பார்ப்பதில்லை.

ஆனைமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகச் சோலைகள் உள்ளன. அங்கே சிங்கவால் குரங்குகள் கடக்க, சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். குரங்குகள் அதில் போகின்றன. அந்த மாதிரிப் பாலம் கட்ட நம்மிடம் படிப்பு இருக்கிறது. நம்மை விட்டால் வேறு யார் கட்டுவது?

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்களும் வரைபடத்தில் கோடு போடுவீர்கள். போடும் முன்னால், கூட இருக்கும் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "ஐயா, இது யார் போற வழி?"