வயிற்றின் மொழி

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மருத்துவர்முன் அமர்ந்த தமிழன் தன் வயிற்றுநோயைச் சொல்லும் முறையைக் கேட்டிருப்பீர்கள். ‘கேசு டிரபிள்’ என்பான். சற்றே படித்தவனாயின் ‘அசிடிட்டி’ என்பான். அத்துடன் அவன் உரை முடிந்துபோம். வயிறு உப்பியதா, நெஞ்சு எரிந்ததா, உண்டது தொண்டைவரை எதுக்களித்ததா, புளியேப்பம் வந்ததா, அடிவயிறு முறுக்கிக் கழிந்ததா என்னும் வேறுபாடுகளெல்லாம் அவ்வொற்றை ஆங்கிலச் சொல்லுக்குள் புதைந்துபோகின்றன. அச்சொல்லுக்கேற்ற மாத்திரையும் கையில் வந்துவிடுகிறது.

அவன் பாட்டிக்கோ உப்புசம், பொருமல், நெஞ்செரிவு, எதுக்களிப்பு, குமட்டல், ஓங்கரிப்பு, கடுப்பு, வயிற்றுளைச்சல், கழிச்சல் என ஒவ்வொன்றிற்கும் தனிப்பெயர் இருந்தது. இவை அழகுக்காகப் பெருக்கிய சொற்களல்ல. நெஞ்செரிவும் எதுக்களிப்பும் பெரும்பாலும் இரைப்பையின் புளிப்புநீர் மேலேறுவதால் வருவன. உப்புசமும் பொருமலும் பெரும்பாலும் கீழே குடலில் வளி பெருகுவதால் வருவன. முன்னதற்குரிய மாத்திரை பின்னதைத் தீர்க்காது. சொல்லை இழந்தவன் நோய் நிற்கும் இடத்தையும் காட்ட இயலாதவனாகிறான்.

தமிழுக்குள்ளேயே விளைந்த குழப்பமும் ஒன்றுண்டு. அதனை மறைப்பதிற் பயனில்லை. ‘அலர்சி’ என்பதற்கு ஒவ்வாமை என்னும் நல்ல சொல் ஆக்கப்பெற்று வேரூன்றிவிட்டது. ஆயின், வயிறு ஏற்காத எதனையும் ஒவ்வாமை என்றே இன்று எழுதிவிடுகின்றனர். ஒவ்வாமையாவது, உடலின் எதிர்ப்பாற்றல் ஓர் உணவைப் பகையெனக் கொண்டு கிளர்வது. நிலக்கடலையோ இறாலோ சிறு துணுக்கு உட்சென்றாலும் தடிப்பும் வீக்கமும் மூச்சுத்திணறலும் தோன்றி உயிர்க்கே இடர் நேரலாம். மற்றையது அத்தகையதன்று. ஓர் உணவைச் செரிக்கும் நொதி குறைந்திருக்கும். அல்லது குடல் அதனைத் தாங்கும் அளவு சிறிதாயிருக்கும். அதனை ஏலாமை எனலாம். ஏலாமையில் அளவே முதன்மையானது. அரைக்குவளை ஒன்றும் செய்யாது; இரண்டு குவளை வயிற்றைக் கலக்கிவிடும்.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு பால். பாலிலுள்ள இனிப்பை ஆங்கிலத்தில் இலாக்டோசு என்பர், பாலினிப்பு என்க. 100 மில்லி பாலில் அஃது ஏறத்தாழ 5 கிராம் உள்ளது. சிறுகுடற் சுவரிலுள்ள இலாக்டேசு என்னும் நொதி அதனை இரண்டாக வெட்டினாலன்றிக் குருதியிற் சேராது. தாய்ப்பாலிலும் இவ்வினிப்பே மிகுதி. ஆகலின் கைக்குழந்தையின் குடலில் அந்நொதி நிறைந்திருக்கிறது. பால்குடி மறந்தபின், உலக மாந்தருள் ஏறத்தாழ மூவரில் இருவர்க்கு அது படிப்படியாகக் குன்றுகிறது. வெட்டப்படாத இனிப்பு பெருங்குடலுக்கு இறங்கி நீரை ஈர்க்கிறது. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கவைத்து வளி எழுப்புகின்றன. வயிற்றிரைச்சலும் உப்புசமும் கழிச்சலும் அதன் விளைவுகள்.

வட ஐரோப்பிய மக்களும், ஆப்பிரிக்காவின் ஆயர்குடிகள் சிலவும், வேறு சிலரும் வளர்ந்த பின்னும் இந்நொதி குன்றாதவர்கள். மேலை மருத்துவம் வெள்ளையர் உடலை வைத்தே நெடுங்காலம் எழுதப்பட்டமையால், நொதி குன்றுதலைக் ‘குறைபாடு’ என்று பெயரிட்டு வைத்தது. 1960-களின் நடுவில் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் கருப்பரையும் வெள்ளையரையும் ஒப்பிட்டு ஆய்ந்தனர். கருப்பருட் பெரும்பாலார்க்கு நொதி குன்றியிருப்பதும், வெள்ளையருள் மிகச் சிலர்க்கே குன்றியிருப்பதும் அப்போதுதான் வெளிப்பட்டன. 1981-இல் வெளியான இந்திய ஆய்வொன்றில் தென்னாட்டாருள் ஏறத்தாழ 67 விழுக்காட்டினரும், வடநாட்டாருள் 27 விழுக்காட்டினரும் பாலினிப்பு ஏலாதவராகக் காணப்பட்டனர். பெரும்பாலார் இயல்பு குறையாம். சிறுபாலார் இயல்பு அளவுகோலாம்! தமிழர்க்கு இம்முறைகேடு புதிதன்று. மொழியிலும் இதுவே நடந்தது.

இந்நிலத்தார் பாலைப் பிரைகுத்தித் தயிராக்கினர், கடைந்து மோராக்கினர். பெரும்பாணாற்றுப்படை காட்டும் ஆயர்மகள் விற்கச் செல்வதும் மோரே. தயிராகும்போது நுண்ணுயிர்கள் பாலினிப்பில் ஒரு பகுதியைத் தாமே தின்றுவிடுகின்றன. எஞ்சியதைக் குடலில் வெட்டவும் அவற்றின் நொதி துணைசெய்கிறது. நீர் சேர்த்துப் பெருக்கிய மோரில் அளவு இன்னுங் குறைகிறது. இன்றோ விடிந்ததும் வெறுவயிற்றில் பாற்காப்பி, பதினொரு மணிக்கு மற்றொன்று, மாலையில் தேநீரும் பாற்கோவாவும், படுக்குமுன் ஒரு குவளைப் பால். பிறகு வயிற்றுப்புண் என்று அஞ்சுகிறான்.

அதற்காகப் பாலை அறவே ஒதுக்குதலும் வேண்டா. ஏலாதவரும் உணவோடு சேர்த்து 12 கிராம் பாலினிப்பை, அஃதாவது ஒரு குவளைப் பாலைப் பெரும்பாலும் தாங்குவர். ஒதுக்கவே நேர்ந்தால் சுண்ணச்சத்துக்குக் கேழ்வரகு உண்டு. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் அச்சத்து உள்ளது. எள்ளும் முருங்கைக்கீரையும் உண்டு; புலாலுண்பார்க்கு முள்ளோடு தின்னும் நெத்திலியும் உண்டு. இச்செய்தியைக் கேட்டுக் கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்துதல் பெரும்பிழையாகும்.

பருப்பும் பயறும் வேறு வகையின. அவற்றிலுள்ள சில இனிப்புகளை வெட்டும் நொதி மாந்தர் எவர் குடலிலும் இல்லை. ஆகலின் சுண்டல் உண்டால் வளி எழுவது எல்லார்க்கும் இயல்பு. சிலர்க்குத் துன்பமாகுமளவு மிகும். கொண்டைக்கடலையை இரவெல்லாம் ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிட்டு வேகவைக்கும் வழக்கம் அவ்வினிப்பில் ஒரு பங்கை நீரோடு போக்கிவிடுகிறது. உளுந்தும் அரிசியும் அரைத்த மாவு புளிக்கும்போதும் அது குறைகிறது. எனினும், குடலில் வாழும் நன்னுயிர்களுக்கு இவையே உணவு. அவை இவற்றைத் தின்று விடுக்கும் பொருள்களால் பெருங்குடலின் சுவர் வளம்பெறுகிறது. எனவே பயற்றைத் துரத்தாமல், சிறிது சிறிதாகக் கூட்டிக் குடலைப் பழக்குவதே முறை.

முன்னோர் உண்டதெல்லாம் மருந்தே என்று மேடையில் முழங்குவாரும் உளர். அது தமிழ்ப்பற்றன்று. நெஞ்செரிவுடையார் பலர்க்குத் துன்பந்தரும் மிளகாய், அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழி வந்தேறியது. மிளகை வைத்துத் தமிழன் அதற்குப் பெயரிட்டுக்கொண்டான். பழஞ்சோறு நல்லுணவே, ஆயின் தூய்மையற்ற நீர் ஊற்றிக் கோடை வெப்பத்திற் கிடந்ததை உண்டால் கழிச்சலே மிஞ்சும். முன்னோரிடம் கொள்ளத்தக்கது வேறொன்று. திருக்குறளின் 95-ஆம் அதிகாரத்துக்கு மருந்து என்று பெயர்; அதன் பத்துக் குறள்களில் ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை. முன் உண்டது செரித்ததா, அளவு எவ்வளவு, உடலோடு மாறுபடுகிறதா என்று பார்த்து உண்ணச் சொல்வதே அதன் பெரும்பகுதி.

அப்படிப் பார்ப்பதற்கு ஓர் ஏடு போதும். இரண்டு கிழமை, உண்டது, அளவு, மணி, பிறகு வந்த தொல்லை, அது வந்த மணி ஆகியவற்றை எழுதுக. தொல்லையைப் பாட்டி சொன்ன சொல்லால் எழுதுக. ‘கேசு’ என்று எழுதினால் ஏடு பயன்படாது. பாலின் தொல்லை பெரும்பாலும் அரைமணி முதல் இரண்டு மணிக்குள் தோன்றும். பயற்றினது இன்னும் பிந்தும். ஐயத்திற்குரிய ஒன்றை மட்டும் இரண்டு கிழமை நிறுத்திவிட்டு, மீண்டும் சிறிதளவில் தொடங்கி ஏற்றிப் பார்க்க வேண்டும். ஆத்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலுள்ள மோனாசு பல்கலைக்கழகத்தார் வகுத்த உணவுமுறையிலும் நீக்குதல் சில கிழமைக்கே. ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்தலே அதன் அடுத்த படி. பலர் நீக்குவதோடு நின்று, இறுதியில் வெறுஞ்சோறும் அச்சமுமாக வாழ்கின்றனர்.

கோதுமைக்கு மட்டும் இவ்வழி பொருந்தாது. கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் தேய்வுறும் நோய் ஒன்றுண்டு; வடபுலத்தில் மிகுதி, தென்புலத்தில் அரிது. அதற்குரிய குருதியாய்வு, கோதுமை உண்டுவரும் காலத்திலேயே செய்யப்பெற வேண்டும். தாமே நிறுத்திவிட்டு ஆய்வுக்குச் சென்றால் நோய் மறைந்துகொள்ளும்.

கழிவிற் குருதி, கருநிறக் கழிவு, கரணியமின்றி எடை குறைதல், உறக்கத்தினின்று எழுப்பும் கழிச்சல், விழுங்குவதில் தடை, ஐம்பது அகவைக்குமேல் புதிதாய்த் தோன்றும் வயிற்றுநோய் ஆகிய இவற்றுக்கு ஏடும் வேண்டா, இரண்டு கிழமையும் வேண்டா. அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மற்றையோர் ஏட்டோடு செல்லலாம். ‘காலை ஆறு மணிக்கு வெறுவயிற்றில் ஒரு குவளைப் பால், ஏழுக்கு உப்புசம், ஏழரைக்குக் கழிச்சல், மோர் மட்டும் உண்ட நான்கு நாளும் ஒன்றுமில்லை’ என்று படித்துக்காட்டுபவனிடம் மருத்துவர் அடுத்துக் கேட்பது, எடை குறைந்ததா என்பதாக இருக்கும். அதற்கும் ஏட்டில் ஒரு பத்தி கோடிட்டு வைத்திருத்தல் நன்று.