நூற்பாவும் உரையும்: உளவுத் தகவலுக்குப் பொறுப்பு யாருடையது?



‘ஒற்று’ என்றவுடன் நம் மாணவர்களுக்கு ஒற்றுப்பிழையே நினைவுக்கு வரும். கட்டுரைத் தாளில் சிவப்பு மையால் வட்டமிடப்படும் அந்த ஒற்றைப் பற்றி இன்று நான் பேசப்போவதில்லை. திருக்குறளின் 59ஆம் அதிகாரமாகிய ஒற்றாடலில் வரும் ஒற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்று அவ்வதிகாரம் அறிவுறுத்துகிறது. அங்கே ஒற்றனை அனுப்புபவனும், அவன் சொல்கேட்டுச் செயற்படுபவனும் ஒருவனே, மன்னன். ஆகவே தவறு நேர்ந்தால் அது யாருடையது என்ற ஐயம் எழுவதில்லை. இன்றைய போர்களிலோ அறிபவர் ஒரு நாட்டினர், அடிப்பவர் மற்றொரு நாட்டினர். இருவருக்கும் நடுவே ‘பகிர்வு’ என்றொரு சொல் நிற்கிறது.

அச்சொல்லைச் சற்று நோக்குங்கள். படைக்கலங்களை விற்கிறார்கள், வழங்குகிறார்கள், ஏற்றுமதி செய்கிறார்கள். உளவுத் தகவலை மட்டும் பகிர்ந்துகொள்கிறார்கள். சோற்றைப் பகிர்வதுபோல் இனிமையாக ஒலிக்கிறது. ஏவுகணையை அனுப்பக் கப்பல் வேண்டும், துறைமுகம் வேண்டும், உரிமம் வேண்டும். ஒரு வீடு இருக்கும் இடத்தைக் குறிக்கும் எண்களை அனுப்ப ஒரு நொடி போதும். 2013இல் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை ஏற்றுக்கொண்ட ஆயுத வணிக உடன்படிக்கை, இனப்படுகொலைக்கோ போர்க்குற்றத்துக்கோ பயன்படும் எனத் தெரிந்த நிலையில் ஆயுதங்களை அனுப்புவதைத் தடுக்கிறது. வெடிபொருளும் உதிரிப்பாகமும் அதில் அடங்கும். தகவல் அடங்காது.

தகவலும் ஓர் உதவியே என்பதைப் பன்னாட்டு நீதிமன்றம் அறியாமல் இல்லை. நிகராகுவா வழக்கில் 1986இல் வழங்கிய தீர்ப்பில், கிளர்ச்சிப் படைகளுக்கு அமெரிக்கா அளித்த பணம், பயிற்சி, ஆயுதம் ஆகியவற்றோடு உளவுத் தகவலையும் சேர்த்தெண்ணி, அவ்வுதவி பிறநாட்டு விவகாரத்தில் தலையிடாமை என்னும் நெறிக்கு மாறானது என்றது. ஆனால் அப்படைகள் புரிந்த கொடுமைகளை அமெரிக்காவின் செயல்களாகக் கொள்ள மறுத்தது. கொடுத்தது குற்றம், கொடுத்ததைக் கொண்டு செய்தது வேறொருவர் குற்றம். இந்தப் பிளவு இன்றும் அப்படியே இருக்கிறது.

பிளவை இணைக்கும் விதி ஒன்று உண்டு. பன்னாட்டுச் சட்ட ஆணையம் 2001இல் நிறைவேற்றிய, நாடுகளின் பொறுப்பு பற்றிய விதித்தொகுப்பின் 16ஆம் விதி அது. ஒரு நாடு செய்யும் சட்டமீறலுக்கு, அதன் சூழ்நிலையை அறிந்த நிலையில் உதவும் நாடும் பொறுப்பாகும் என்பது அதன் சாரம். அது வழக்காறாகவே நாடுகளைக் கட்டுப்படுத்தும் என்று பொஸ்னியா வழக்கில் 2007இல் நீதிமன்றம் கூறியது. அவ்விதியோடு ஆணையமே ஓர் உரையும் எழுதியிருக்கிறது. தொல்காப்பியத்துக்கு உரைகள் பல கற்ற நமக்கு இங்கே ஒரு பழகிய காட்சி தென்படும். நூற்பா ‘அறிந்து’ என்று நிறுத்துகிறது. உரையோ, மீறலை எளிதாக்கும் நோக்கமும் இருத்தல் வேண்டும் என்று கூட்டுகிறது. நூற்பாவில் இல்லாததை உரையாசிரியர் வருவித்துரைக்கிறார். அந்த ஒரு கூட்டலில்தான் பெரும்பாலான நாடுகள் தப்பிச் செல்கின்றன. நட்பு நாட்டின் பாதுகாப்பே எங்கள் நோக்கம் என்று சொல்ல எந்த அரசுக்குத்தான் நா எழாது?

தமிழில் ‘நான் கருதினேன்’ என்கிறோம். ‘எனக்குத் தெரியும்’ என்கிறோம். கருதுதலுக்கு எழுவாய் உண்டு. தெரிதலோ நான்காம் வேற்றுமை ஏற்ற ஒருவரிடம் வந்து சேர்வது. வந்து சேர்ந்ததற்குத் தடயம் இருக்கும்: எந்த நாளில் எந்த மேசைக்கு எந்த அறிக்கை வந்தது, அதில் என்ன இருந்தது. நோக்கம் உள்ளத்தில் கிடப்பது. ஓர் அரசின் உள்ளம் எங்கே இருக்கிறது என்பதையே நான் இன்னும் கண்டறியவில்லை. பொறுப்பை நோக்கத்தின்மேல் அல்லாமல் அறிவின்மேல் நிறுத்த வேண்டும் என்பது என் துணிபு. ‘தெரிந்தே’ என்பதில் உள்ள தேற்றேகாரம் போதும். ‘வேண்டுமென்றே’ வரை போக வேண்டியதில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2011 மார்ச் 17 அன்று பாகிஸ்தானின் வடக்கு வசீரிஸ்தானில், தத்தா கேல் என்னும் ஊரில், குரோமைட் சுரங்கத் தகராறு ஒன்றைத் தீர்க்க ஊர்ப் பெரியவர்கள் கூடியிருந்தார்கள். ஆளில்லா விமானத்திலிருந்து வந்த அமெரிக்க ஏவுகணைகள் அவ்விடத்தைத் தாக்கின. நாற்பது பேர் அளவில் இறந்ததாகச் செய்திகள் கூறின. இறந்த பெரியவர் ஒருவரின் மகன் லண்டன் நீதிமன்றத்தை நாடினார். பிரிட்டிஷ் உளவு நிறுவனம் இத்தகைய தாக்குதல்களுக்காக இருப்பிடத் தகவல்களைத் தருகிறதா, தந்தால் அதிகாரிகள் கொலைக்கு உடந்தையாக மாட்டார்களா என்பது அவருடைய வினா. அரசு அதை உறுதிப்படுத்தவும் இல்லை, மறுக்கவும் இல்லை. 2012இல் உயர்நீதிமன்றமும், 2014 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வழக்கை ஏற்க மறுத்தன. இதற்கு விடை கூறினால் அமெரிக்காவின் செயலுக்கே தீர்ப்புச் சொன்னதாகும் என்பது அவை காட்டிய முதன்மைக் காரணம். தகப்பனை இழந்தவர் கேட்டது பிரிட்டனைப் பற்றி. கிடைத்த மறுமொழி அமெரிக்காவைப் பற்றி.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். துல்லியமான தகவல் பொதுமக்களின் உயிரைக் காக்கவும் கூடும். மருத்துவமனை இருக்குமிடம் தெரிந்தால்தானே அதைத் தவிர்க்க முடியும்? தகவல் தந்த நாட்டின் இசைவின்றி அதை வெளியிடலாகாது என்ற நியதியும் உளவுத்துறையினரிடையே உண்டு. ஆனால் அந்நியதியிலேயே என் வாதத்துக்கு ஒரு கைப்பிடி கிடைக்கிறது. கொடுத்த பின்னும் அத்தகவலை யாரிடம் காட்டலாம், எதற்குப் பயன்படுத்தலாம் என்று நிபந்தனை விதிக்கும் உரிமையைக் கொடுத்தவர் வைத்துக்கொள்கிறார். மறைவைக் காக்க அந்த உரிமை உதவுகிறது. அதே நிபந்தனைத் தாளில், இதைக் கொண்டு யாரைத் தாக்கினீர்கள் என்று எழுதித் தெரிவிக்க வேண்டும் என ஒரு வரி சேர்க்கலாம். அவ்வரி இருந்தால், எங்களுக்குத் தெரியாது என்று பிறகு சொல்ல இயலாது. அதனால்தானோ என்னவோ, அதைச் சேர்க்க விரைபவர் அரிதாயிருக்கின்றனர்.

இனி உங்கள் வினாக்களைக் கேட்க விழைகிறேன்.