ஹார்னுக்கும் ஓர் அளவு உண்டு

ஹார்ன் வாங்கப் போனால், "சத்தம் நல்லா கேட்குமா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். ஆனால், அதற்கும் உச்ச வரம்பு உண்டு. காருக்கு முன்னால் 7 மீட்டர் தள்ளி அளந்தால் 112 டெசிபலைத் தாண்டக் கூடாது. 10 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிவிடும்.

கார் ஹார்னுக்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று மின்சாரத்தால் அதிர்கிறது. ஊருக்குள் ஓட்ட அதுவே போதும். பல சுரத்தில் அலறும் ஹார்ன்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. அப்படி மாட்டியிருந்தால், மெக்கானிக்கிடம் சொல்லி இன்றே கழற்றிவிட்டு, வண்டியோடு வந்த ஹார்னையே பொருத்துங்கள்.

மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே பிரேக்கை நம்புங்கள். நோயாளியின் தூக்கத்தைக் காப்பதும் நல்ல ஓட்டுநரின் கடமைதான்.