செக்ரோலும் விரிதாளும்

(பழைய மாணவிகள் சங்க ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு "விரிதாள் பழகுவோம்". நூற்றாண்டு விழாவில் இதற்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இந்தப் பாடசாலைக்கு வந்த நமக்கு விரிதாள் புதிய பொருளல்ல. செக்ரோலே ஒரு விரிதாள்தான். இடப்பக்கம் ஆட்களின் பெயர்கள் நிரை நிரையாக இருக்கும். மேலே 1 முதல் 31 வரை திகதிகள் நிரல் நிரலாக இருக்கும். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஒரு பேர், அல்லது அரைப் பேர். நம் பாட்டிமாரின் உழைப்பெல்லாம் அந்தக் கட்டங்களுக்குள்தான் இருந்தது. பேனாதான் அவர்கள் கையில் இருக்கவில்லை.

அதற்குக் கொடுத்த விலை பெரிது. கங்காணியிடம் எவ்வளவு கடன் என்பதைக் கங்காணியின் கணக்கே சொன்னது. அந்தக் கடனைத் தீர்த்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்ற 'துண்டு' முறை 1921இல்தான் ஒழிந்தது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோதும் பெண்ணுக்குக் குறைந்த கூலியே நிர்ணயிக்கப்பட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பதற்கு 1984 வரை காத்திருந்தோம். பல வீடுகளில் பெண்ணின் சம்பளத்தையும் கணவரோ தகப்பனாரோதான் போய் வாங்கி வந்தார்கள்.

இன்று சம்பளச் சீட்டு கைக்கு வருகிறது. ஆனால் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகப்படுவதற்கு முன் அதைக் கூட்டிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? வீட்டுப் பிள்ளை சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்து விரிதாள் படித்திருப்பாள். பரீட்சை முடிந்ததும் அதுவும் மறந்துபோகும். அதனால்தான் நாங்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் புள்ளிப் பட்டியலை விட்டுவிட்டு, அம்மாவின் சம்பளச் சீட்டையே பாடமாக வைத்துக்கொண்டோம். கணினி இல்லாத பிள்ளை கைத்தொலைபேசியிலேயே பழகுகிறாள்.

பாடம் இவ்வளவுதான். விரிதாளில் நிரலுக்கு எழுத்து, நிரைக்கு எண். 'பி' நிரலும் 2ஆம் நிரையும் சந்திக்கும் கலம் பி2. முதல் நிரையைத் தலைப்புக்கு விட்டுவிட்டு, ஏ நிரலில் திகதிகளையும் பி நிரலில் பேரையும் போடுங்கள். முழுப் பேருக்கு 1, அரைப் பேருக்கு 0.5. வேலைக்குப் போகாத நாளுக்கு 0. எண்ணோடு "ரூபா" என்றோ "பேர்" என்றோ எழுதாதீர்கள். எழுதினால் அது எண்ணாக இல்லாமல் சொல்லாகிவிடும், கூட்டலில் சேராது. சாதாரணமாக எண் கலத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், சொல் இடப்பக்கம் நிற்கும். அதைப் பார்த்தே பிழையைக் கண்டுபிடிக்கலாம்.

மாத முடிவில் பி33இல் சமன் குறியிட்டு, பி2 முதல் பி32 வரை கூட்டும் 'சம்' என்ற சார்பைக் கொடுங்கள். மொத்தப் பேர் வந்துவிடும்.

அடுத்தது நாட்சம்பளம். அதை டி1 என்ற ஒரே கலத்தில் மட்டும் எழுதுங்கள். சி2இல் =பி2*$டி$1 என்று சூத்திரம் போட்டு, கீழே சி32 வரை இழுத்துவிட்டு, சி33இல் அவற்றைக் கூட்டுங்கள். அந்த டொலர் குறிதான் பூட்டு. பூட்டாமல் இழுத்தால் டி1 என்பது டி2, டி3 என்று நகர்ந்து வெற்றுக் கலத்தைப் பெருக்கிப் பூச்சியம் காட்டும்.

ஏன் ஒரே கலம்? 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 என்று வர்த்தமானியில் வந்தது. ஒரு கலத்தை மாற்றினால் மாதம் முழுவதும் தானே மாறிவிடும். விரிதாள் பிறந்ததே இதற்காகத்தான். ஓர் எண் மாறினால் கரும்பலகையில் உள்ள கணக்கு முழுவதையும் அழித்து எழுத வேண்டியிருந்ததைப் பார்த்த ஹார்வர்ட் மாணவர் டான் பிரிக்லின், பொப் பிராங்ஸ்டனோடு சேர்ந்து 1979இல் 'விசிகால்க்' மென்பொருளை வெளியிட்டார்.

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். 21 முழுப் பேர், 2 அரைப் பேர். மொத்தம் 22. 1,350ஆல் பெருக்கினால் 29,700 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 வீதம் பிடித்தால் 2,376. தோட்டம் போட வேண்டிய 12 வீதம் 3,564. ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் தரும் 3 வீதம் 891. பிடித்த காசு தெரிகிற அளவுக்குப் போட வேண்டிய காசு நம் கண்ணில் படுவதில்லை. முதுமையில் கைகொடுப்பது அந்தக் காசுதான்.

கடைசியாக, நாம் கண்ட தொகை ஒரு நிரலில், சீட்டில் உள்ளது அடுத்த நிரலில், வித்தியாசம் மூன்றாவதில். சந்தா, தீபாவளி முற்பணம், தேயிலைத் தூள் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு நிரை. எங்கள் வகுப்பில் பெரும்பாலும் கணக்கு ஒத்தே வருகிறது. அதுவும் நல்ல செய்திதான். முற்பணத்தில் இன்னும் எவ்வளவு மீதி என்று அம்மாவுக்குத் தெரிகிறதே! ஒத்து வராதபோது, "காசைக் குறைத்துவிட்டீர்கள்" என்று போய் நிற்பதைவிட, "12ஆம் திகதி அரைப் பேர் விழவில்லை, பாருங்கள்" என்று கேட்பது வலிமையானது. திகதி சொல்லிக் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். கொடுத்ததைத்தான் விரிதாள் கூட்டும். மலையிலிருந்து இறங்கிய அன்று மாலையே பேரையும் கொழுந்து நிறுவையையும் குறித்து வைக்காவிட்டால் எந்தச் சூத்திரமும் உதவாது. குறிப்பது அம்மா, கூட்டுவது மகள். இருவரும் சேர்ந்தால்தான் கணக்கு.

கொழும்பிலும் கோயம்புத்தூரிலும் டொரொண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் சகோதரிகளே, நீங்கள் தினமும் அலுவலகத்தில் செய்கிற வேலைதான் இது. நன்கொடை தருகிறீர்கள், நன்றி. அதோடு மாதத்தில் ஒரு மணி நேரமும் தாருங்கள். ஊரில் உள்ள ஒரு தங்கையைத் தொலைபேசியில் அழைத்து, அவளுடைய அம்மாவின் சீட்டை அவளோடு சேர்ந்து ஒருமுறை கூட்டிப் பாருங்கள். அடுத்த மாதம் அவளே கூட்டுவாள். அதற்கடுத்த மாதம் பக்கத்துக் காம்பிராக்காரர்களுக்கும் கூட்டிக் கொடுப்பாள்.

நூறு ஆண்டுகளாக இந்தப் பாடசாலை நம் கையில் பேனாவைக் கொடுத்திருக்கிறது. அதைக் கொண்டு நம் கணக்கை நாமே எழுதுவோம்.