பள்ளிக் குழுவில் நமது இடம்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தது. தெருவிளக்கின் அடியிலும் கோயில் திண்ணையிலும் மாலை வகுப்பு நடத்தியது. தேர்வுக் கட்டணத்திற்கும் புத்தகத்திற்கும் வீடு வீடாகச் சென்று பணம் திரட்டியது. இவற்றையெல்லாம் எண்ணிப் பெருமைப்பட நமக்கு உரிமை உண்டு. ஆயினும் இவை அனைத்தும் பள்ளியின் வாயிலுக்கு வெளியே நின்று நாம் செய்த பணிகள். பள்ளியைப் பற்றிய முடிவுகள் எடுக்கப்படும் அறைக்குள் நாம் எத்தனை முறை சென்று அமர்ந்திருக்கிறோம்? அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

நம் முன்னோர் கல்விக்காகப் பட்ட பாட்டை இங்குள்ள பெரியோர் அறிவர். ஆல்காட்டு 1894இல் சென்னையில் தொடங்கிய பஞ்சமர் பள்ளியும், சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நிறுவிய நந்தனார் பள்ளியும், மற்றப் பள்ளிகளின் கதவுகள் நமக்கு அடைபட்டிருந்த காலத்தில் எழுந்தவை. பெருந்தலைவர் எம்.சி. இராசா ஆசிரியராகப் பணியாற்றியவர், பாடநூல்கள் எழுதியவர், சட்டமன்றத்திலும் இடம்பெற்று நம் மக்களுக்காக வாதாடியவர். கரும்பலகையின் முன் நின்றவரே முடிவெடுக்கும் மன்றத்திலும் அமர வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இன்னொன்றையும் வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. பொதுக் குளங்களையும் கிணறுகளையும் பள்ளிகளையும் தாழ்த்தப்பட்டோர் பயன்படுத்தலாம் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் செய்தது. மகாத் நகராட்சியும் அதனை ஏற்றுத் தன் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆனால் அந்தக் குளத்தில் நம்மவர் கை நனைக்க இயலவில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து சென்று நீரை அள்ளிப் பருகிய பின்னரே அந்தத் தீர்மானத்திற்கு உயிர் வந்தது. அதற்கும் நம்மவர் அடிபட நேர்ந்தது. இங்கே சென்னை மாகாணத்தில், பொதுச் சாலையும் பொதுக் கிணறும் அனைவருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அதன் பின்னரும் எத்தனை ஊர்களில் எத்தனை காலம் நாம் கிணற்றடியில் காத்து நின்றோம்! உரிமை ஏட்டில் எழுதப்படுவது ஒரு நாள்; அது நடைமுறைக்கு வருவது, யாராவது ஒருவர் எழுந்து உள்ளே செல்லும் நாள்.

இன்று நம் கையில் இருக்கும் ஏடு எது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். நலிவுற்ற பிரிவினரின் பெற்றோருக்கு, அப்பள்ளியில் பயிலும் அவர்தம் பிள்ளைகளின் அளவுக்கேற்ப இடம் தருதல் வேண்டும். தலைமையாசிரியர் கூட்டத்தைக் கூட்டுபவர். தலைவரோ பெற்றோருள் ஒருவர்.

இக்குழுவின் முக்கியப் பணிகள் மூன்று. பள்ளியின் செயற்பாட்டைக் கண்காணித்தல். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தீட்டுதல். அரசு தரும் மானியம் எவ்வாறு செலவிடப்படுகிறது என்பதைக் கவனித்தல். எத்தனை ஆசிரியர் தேவை, எந்த வகுப்பறையின் கூரை ஒழுகுகிறது, பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிவறை உண்டா, குடிநீர் வருகிறதா என்பன யாவும் அந்தத் திட்டத்தில் எழுதப்பட வேண்டியவை. திட்டத்தில் எழுதப்படாத குறை மேலிடத்தின் பார்வைக்கு இல்லாத குறையே ஆகும்.

இனி நம் தவறு ஒன்றை மறைக்காமல் கூறுகிறோம். விழா மலரில் வெற்றிகளை மட்டும் எழுதினால் அடுத்த தலைமுறைக்கு அதனால் பயன் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், நம் பிள்ளைகள் பயிலும் ஒரு நடுநிலைப் பள்ளியில் குழு அமைத்தார்கள். நம் குடியிருப்பைச் சேர்ந்த தாய் ஒருவரின் பெயரை நாமே முன்மொழிந்தோம். அவர் தலைவரானார். அவருக்குத் துண்டு அணிவித்தோம், கைதட்டினோம், வீட்டிற்குச் சென்றுவிட்டோம். அதன் பின் தீர்மானப் புத்தகம் அவர் வீடு தேடி வந்தது. மாதந்தோறும் ஒருவர் கொண்டுவந்து நீட்டுவார். காட்டிய இடத்தில் அந்தத் தாய் கையெழுத்திடுவார். அறைக்குள் அவருக்கென ஒரு நாற்காலி இருந்ததா என்று நாம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஒரு நாள் எட்டாம் வகுப்பில் பயிலும் அவர் மகள் அந்தப் புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டினாள். தாய் களையெடுக்கச் சென்றிருந்த ஒரு நாளில் அவர் தலைமையில் கூட்டம் நடந்ததாக அதில் எழுதியிருந்தது. “நான் போகாத கூட்டத்துக்கு என் கையெழுத்து எதுக்கு?” என்று கேட்டு, அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்தக் கேள்வி பள்ளியை நோக்கியது மட்டும் அன்று. அவரைத் தனியே அனுப்பிவிட்டு வீட்டில் இருந்த நம்மையும் நோக்கியது.

அடுத்த கூட்டத்திற்கு அவரோடு நம்மவர் இருவர் பள்ளி வாயில் வரை உடன் சென்றனர். அவர் உள்ளே சென்று தலைவருக்குரிய இருக்கையில் அமர்ந்தார். முதன்முதலாக அவர் எழுப்பிய பொருள், பள்ளிக் கழிவறையைக் கழுவ ஏன் நம் தெருப் பிள்ளைகள் மட்டும் அழைக்கப்படுகிறார்கள் என்பதே. அறையில் நெடுநேரம் மௌனம். பின்னர், எந்தப் பிள்ளையையும் அவ்வேலைக்கு ஏவலாகாது, துப்புரவுப் பணிக்கு ஆள் அமர்த்தக் கேட்டு எழுத வேண்டும் என்று தீர்மானம் எழுதப்பட்டது. ஆள் வர மாதங்கள் பல ஆயின. பிள்ளைகளை அழைக்கும் வழக்கமோ மறுநாளே நின்றது. ஆண்டுக்கணக்கில் வீட்டில் பேசி வருந்திய ஒன்றை, அறைக்குள் எழுந்த ஒரு கேள்வி நிறுத்தியது.

அடுத்த முறை குழு மாற்றியமைக்கப்பட்டபோது அவர் மீண்டும் நின்றார், தோற்றார். அதற்கும் நாமே காரணம். நம் தெருவில் மட்டும் ஆதரவு கேட்டோம். பெற்றோர் கூட்டத்தன்று நம்மவருள் பலர் வேலைக்குச் சென்றுவிட்டனர். கை உயர்த்த ஆள் இல்லாத இடத்தில் உரிமையைப் பேசி என்ன பயன்? அதற்கடுத்த முறை ஒரு மாதம் முன்பே தொடங்கினோம். ஒரு நாள் கூலியை இழந்தாலும் வர வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னோம். ஊர்த்தெருவிற்கும் சென்றோம். ஒழுகும் கூரை எல்லாப் பிள்ளைகள் தலைமீதும் ஒழுகுகிறது, ஆசிரியர் இல்லாத வகுப்பு எல்லாருக்கும் இழப்பு என்று பேசினோம். சில வீடுகளில் திண்ணையில் அமரச் சொன்னார்கள். சில வீடுகளில் வாசலிலேயே நிறுத்தினார்கள். ஆயினும் நாம் எதிர்பாராத கைகள் சில அன்று உயர்ந்தன. அந்தத் தாய் இன்று மீண்டும் உறுப்பினர்.

இது சிறிய செய்தியே. ஆனால் பள்ளிக்குள் சாதி நுழையும் வழிகள் எவ்வளவு கொடியவை என்பதை நாடு கண்டிருக்கிறது. 2018இல் திருப்பூர் மாவட்டத்தின் ஓர் அரசுப் பள்ளியில், நம் சகோதரி ஒருவர் சத்துணவு சமைக்கலாகாது என்று தடுத்தவர்களுள் பெற்றோரும் இருந்தனர். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் பயின்ற மாணவர்களே நம் மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினர். அதன் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை அளித்தது. அறிக்கைகள் வரட்டும், அவை வேண்டும். ஆனால் ஒரு பிள்ளை ஏன் ஒரு வாரமாக வரவில்லை, வகுப்பில் யார் யாரை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்பதை முதலில் கேட்க வேண்டியவர் அந்தந்த ஊரின் குழு உறுப்பினரே. பெற்றோர் என்ற பெயரால் சமையற்கட்டை மறிப்பவர் இருக்கும்போது, பெற்றோர் என்ற பெயராலேயே அதனைத் திறந்து வைப்பவரும் அங்கே இருத்தல் வேண்டும்.

எனவே நம் உறுப்பினர்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

முதலாவது, படித்துப் பார்க்காமலும் கூட்டத்தில் இல்லாமலும் கையெழுத்திடாதீர்கள். குழுவின் வங்கிக் கணக்கிலும் உங்கள் கையெழுத்திற்கு மதிப்பு உண்டு.

இரண்டாவது, வாயால் சொல்வதை எழுத்தில் கொடுங்கள். ஏற்காவிட்டாலும் அதனைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். ஏடுகளைக் காட்ட மறுத்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. முப்பது நாளில் விடை தர வேண்டும்.

மூன்றாவது, ஆசிரியரைப் பகைவராகக் கருதாதீர்கள். நல்லாசிரியருக்கு முதல் துணையாக நிற்பவர் நம் உறுப்பினராக இருக்கட்டும். ஆசிரியர் பணியிடம் காலியாக இருப்பின் அவரோடு சேர்ந்தே போராடுங்கள்.

நான்காவது, இளைஞர்களே, இது உங்களுக்கு. உங்களுள் பலர் இன்னும் பெற்றோர் ஆகவில்லை. ஆயினும் உங்கள் தாய்க்கும் அக்காவிற்கும் சுற்றறிக்கையைப் படித்துக் காட்டலாம். கணக்கைக் கூட்டிச் சரிபார்க்கலாம். கூட்ட நாளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2024இல் குழுக்களை மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் அளித்தார்கள். நீங்கள் படித்த பள்ளியை மறவாதீர்கள்.

கடைசியாகக் கழகத்திற்கு ஒரு சொல். யாரையேனும் உறுப்பினராக நிறுத்தினால் அவரைத் தனியே விடமாட்டோம் என்று இந்த வெள்ளி விழா மேடையில் உறுதி கொள்வோம். மாதந்தோறும் கூட்டத்திற்கு முதல் நாள் மாலை நம் உறுப்பினர்கள் கழக அறையில் கூடட்டும். கூட்டம் முடிந்த மாலையிலும் கூடட்டும். துண்டு அணிவிப்பது ஒரு நாள் வேலை. துணை நிற்பது இரண்டு ஆண்டு வேலை.

பொன்விழா மலரை எழுதுவோர் இன்று பள்ளியில் இருக்கிறார்கள். நம் தாய்மார்கள் அமர்ந்து, பேசி, படித்துப் பார்த்துக் கையெழுத்திட்ட தீர்மானப் புத்தகங்களை அவர்கள் புரட்டிப் பார்க்கட்டும். அதுவே இக்கழகத்தின் உண்மையான வரலாறாக விளங்கும்.

 ஜெய் பீம்!